பூந்தொட்டிக்குள் ஓர் உப்பளம்



தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம், முள்ளக்காடு வழியாகத் திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஊரைத் தாண்டியதும் சாலையோரங்களில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்ததுபோல் நீர்ப் பாத்திகள் தெரியும். அவற்றுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் எழுந்து நிற்கும். அவைதாம் உப்பளங்கள்.

உப்பளத்தில் நடக்கும் வேலையின் தத்துவம் மிக எளியது. பாத்தியில் உவர்நீரைப் பாய்ச்சுகிறார்கள். வெயிலும் காற்றும் சேர்ந்து தண்ணீரை ஆவியாக்கிவிடுகின்றன. உப்பு ஆவியாவதில்லை. அது பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. மறுபடியும் நீர் பாய்ச்சுகிறார்கள். மறுபடியும் நீர் போய்விடுகிறது, உப்பு தங்குகிறது. கடைசியில் அதை வாரிக் குவிக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு தோட்டக் கட்டுரையில் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கடலோர ஊர்களில் நம்மில் பலர் வீட்டுப் பூந்தொட்டிகளையும் நம்மை அறியாமலேயே சிறு உப்பளங்களாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்!

தக்காளி நாற்று ஒன்றை ஆசையோடு நடுகிறீர்கள். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். முதல் மாதம் செடி நன்றாக வளர்கிறது. இரண்டாம் மாதம் இலையின் ஓரம் கருகுகிறது. மூன்றாம் மாதம் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி நிற்கிறது. ஆச்சி பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணியை ஊத்தினா என்னலே வளரும்? இந்த ஊருக்குச் செடியெல்லாம் ஆகாது" என்கிறார். நீங்களும் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள்.

ஆச்சி சொன்னது சரியா? பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்பதை இப்போது ஆராய்வோம்.

செடி ஏன் தாகத்தால் வாடுகிறது?

முதலில் ஒரு சிறு சோதனை. ஓர் உருளைக்கிழங்கிலிருந்து ஒரே அளவாக இரண்டு வில்லைகள் நறுக்குங்கள். ஒன்றை நல்ல தண்ணீரிலும், மற்றொன்றை இரண்டு கரண்டி உப்புக் கரைத்த தண்ணீரிலும் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரில் கிடந்த வில்லை விறைப்பாக இருக்கும். உப்பு நீரில் கிடந்தது துவண்டு வளையும். அதிலிருந்த தண்ணீரை உப்பு நீர் வெளியே இழுத்துவிட்டது.

இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு, தண்ணீரை எளிதாக விடும். உப்பை அவ்வளவு எளிதில் விடாது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் நகர்கிறது. சாதாரண மண்ணில் வேரின் உள்ளே கரைபொருள் அதிகம். மண் நீரில் குறைவு. ஆகவே தண்ணீர் வேருக்குள் நுழைகிறது. மண் நீரில் உப்பு ஏற ஏற இந்த நகர்வு தளர்கிறது. ஒரு நிலையில் நின்றே போகிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது. நடுக்கடலில் குடிதண்ணீர் தீர்ந்துபோன படகோட்டியின் நிலைதான் அதற்கும்!

இது முதல் துன்பம். இரண்டாவது துன்பமும் உண்டு. மெல்ல மெல்லச் செடிக்குள் நுழைந்துவிட்ட சோடியமும் குளோரைடும் இலைகளில் சேர்கின்றன. நீர் இலையிலிருந்து ஆவியாகிப் போகிறது. உப்பு இலையின் நுனியிலும் ஓரத்திலும் தங்குகிறது. அதனால்தான் கருகல் எப்போதும் ஓரத்தில் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உங்கள் வீட்டுக் கிணற்று நீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாயில் வைத்தால் கரிக்கும். ஆனாலும் பாத்திரம் கழுவ, துணி அலசப் பயன்படும். இந்த நீரை 10 லிட்டர் கொள்ளும் தொட்டியில் தினமும் அரை லிட்டர் ஊற்றுகிறீர்கள். கீழே ஒரு சொட்டும் வடியவில்லை. "தண்ணீர் வீணாகவில்லை" என்று மகிழ்கிறீர்கள்.

ஒரு நாளைக்கு உள்ளே போகும் உப்பு 1 கிராம். 90 நாளில் 90 கிராம். செடி தண்ணீரைக் குடித்து இலை வழியே ஆவியாக விட்டுவிடுகிறது. உப்பில் பெரும்பகுதியைத் தொடுவதில்லை. தொட்டி மண் சுமார் 3 லிட்டர் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதாகக் கொண்டால், அந்த நீரில் இப்போது லிட்டருக்கு எவ்வளவு உப்பு? 90-ஐ 3-ஆல் வகுத்தால் 30 கிராம்.

கடல் நீருக்கும் இதற்கும் 5 கிராம்தான் வித்தியாசம்! மூன்று மாதத்தில் கிணற்று நீரைக் கடல் நீராக்கிவிட்டோம். எப்படி? உப்பளக்காரர் செய்வதையே செய்தோம்: நீரை விட்டோம், வெயிலில் போகவிட்டோம், உப்பை அங்கேயே தங்க வைத்தோம்.

இப்போது மாற்றிச் செய்வோம். தினமும் கொஞ்சம் ஊற்றுவதற்குப் பதிலாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றுங்கள். ஊற்றிய நீரில் மூன்றில் ஒரு பங்கு தொட்டியின் அடித் துவாரம் வழியாக வடிந்து போகட்டும். உள்ளே போகும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமமாகும் நிலையில், மண்ணில் உப்பு மேலும் ஏறாது. உள்ளே 3 லிட்டர் போனால் அதில் 6 கிராம் உப்பு. வெளியே வருவது 1 லிட்டர்தான். அந்த ஒரு லிட்டர் 6 கிராமையும் சுமந்துகொண்டு போக வேண்டும். ஆகவே தொட்டியின் அடியில் உப்பின் அளவு லிட்டருக்கு 6 கிராம் என்ற அளவில் நின்றுவிடும். மேற்பகுதியில் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கிணற்று நீரோடு சரிபாதி மழைநீர் கலந்தால்? ஊற்றும் நீரில் லிட்டருக்கு 1 கிராம். அடியில் 3 கிராம். முன்பு 30, இப்போது 3. அதே கிணறு, அதே ஊர், அதே வெயில். மாறியது தண்ணீர் ஊற்றும் முறை மட்டுமே.

ஆச்சி சொன்னதில் எந்தப் பாதி தவறு என்பது இப்போது தெரிகிறதல்லவா? கொல்வது தண்ணீரில் உள்ள உப்பு மட்டுமல்ல; வெளியேற வழியில்லாமல் தேங்கும் உப்பு.

வடிந்த நீரை வீணாக்க வேண்டாம். அடியில் தட்டு வைத்துப் பிடித்து, தென்னை, பூவரசு போன்ற மரங்களின் தூரில் ஊற்றிவிடுங்கள். தட்டிலேயே விட்டுவைத்தால் தொட்டி அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

உப்பு எங்கிருந்து வந்தது?

"என் தாத்தா காலத்தில் இந்தக் கிணறு இனித்தது" என்று கடலோரத்தில் பலர் சொல்லக் கேட்கலாம். அதற்கும் ஓர் அறிவியல் விளக்கம் இருக்கிறது.

கடலோர மணலுக்கு அடியில் மழைநீரும் கடல்நீரும் சந்திக்கின்றன. கடல்நீர் சற்றுக் கனமானது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.025. ஆகவே நன்னீர் அதன் மேல் மிதக்கிறது. டச்சு நாட்டவரான கைபன் 1880-களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்க் 1901-லும் தனித்தனியே இதை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார்கள். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பதே அது.

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இதைத் திருப்பிப் படியுங்கள்: மோட்டார் வைத்து இறைத்து மேலே 1 மீட்டர் இறங்கவிட்டால், காலப்போக்கில் கீழேயுள்ள உவர்நீர் 40 மீட்டர் வரை மேலேறக்கூடும். திருச்செந்தூர்க் கடற்கரையில் உள்ள நாழிக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். அலைகளுக்கு அவ்வளவு அருகில் இருந்தும் அதன் நீர் கடல்போல் கரிப்பதில்லை. மெல்லிய நன்னீர்ப் படலத்தை ஆழமாகத் துளைக்காமல், கொஞ்சமாக எடுத்தால் அது நிலைக்கும் என்பதற்கு அது நல்ல பாடம்.

தோட்டக்காரருக்கு உப்பு வரும் இன்னொரு வழி காற்று. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் வறண்ட கச்சான் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சுகிறது. கடலிலிருந்து வீசும் காற்றோ நுண்ணிய உப்புத் துளிகளை இலைமேல் படிய வைக்கிறது. இருக்கும் நல்ல தண்ணீரில் ஒரு கைப்பிடியை வாரம் ஒருமுறை இலைகள்மேல் தெளித்துக் கழுவிவிடுங்கள். உப்புத் தண்ணீரை மட்டும் ஒருபோதும் இலைமேல் தெளிக்காதீர்கள், தூரில் ஊற்றுங்கள். காற்று வரும் பக்கத்தில் பூவரசு அல்லது நொச்சி இருந்தால் தடுப்பாக உதவும்.

செடிகளிலும் வீரர்கள் உண்டு

எல்லாச் செடிகளும் உப்பை ஒரே மாதிரி தாங்குவதில்லை. உமரியைத் தூத்துக்குடி மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உப்பளக் கரையில் சிவந்தும் பச்சையாகவும் குட்டையாகப் படர்ந்திருக்கும். உமரிக்காடு என்று தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரே இருக்கிறது. உமரி தான் உறிஞ்சிய உப்பை உயிரணுக்களின் நடுவிலுள்ள நுண்குமிழிகளில் அடைத்து, மற்றப் பகுதிகளுக்குத் தீங்கு வராமல் காக்கிறது. அதன் இலை தடித்திருப்பது அதனால்தான். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் உள்ள அலையாத்தி மரங்களில் வெண்கண்டல் இன்னொரு வழியைப் பின்பற்றுகிறது. உப்பை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அதன் இலையை நாக்கால் தொட்டால் கரிக்கும். இந்த மரத்தின் மரபணுக்களை நெல்லில் சேர்த்து உப்பைத் தாங்க வைக்க முடியுமா என்று சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம் காய்கறிகளுக்கு வருவோம். அமெரிக்க விஞ்ஞானிகள் மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-இல் பயிர்களின் உப்புத் தாங்கும் திறனை அட்டவணைப்படுத்தினார்கள். பிறகு வந்தவர்கள் அதில் மேலும் பல பயிர்களைச் சேர்த்தார்கள். மண்ணைத் தண்ணீரில் குழைத்து, அதிலிருந்து வடித்த நீரின் மின் கடத்துத் திறனை அளப்பார்கள். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். அலகு, மீட்டருக்கு டெசிசீமன். எந்த எண்வரை விளைச்சல் குறையாது என்பதைப் பாருங்கள்:

பீன்ஸ் – 1.0
கேரட் – 1.0
கத்தரி – 1.1
வெங்காயம் – 1.2
தக்காளி – 2.5
பீட்ரூட் – 4.0
காராமணி – 4.9
கொத்தவரை – 8.8

எல்லையைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் பீன்ஸ் 19 சதவீதம் குறையும். தக்காளி ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். உங்கள் மண்ணின் அளவு 4 என்றால், பீன்ஸ் எல்லையை 3 அலகு தாண்டிவிட்டது. 57 சதவீதம் போயிற்று. தக்காளி 1.5 அலகுதான் தாண்டியது. 15 சதவீத இழப்பு. காராமணிக்கும் கொத்தவரைக்கும் ஒன்றுமே இல்லை!

ஆகவே புதிதாகத் தோட்டம் போடும் கடலோர மாணவர், கொத்தவரை, காராமணி, பாலக் கீரை ஆகியவற்றில் தொடங்கினால் முதல் முயற்சியிலேயே வெற்றி காண்பது எளிது. இரண்டாம் ஆண்டு தக்காளி போடலாம். பீன்ஸையும் கேரட்டையும் சந்தையில் வாங்கிக்கொள்வோம். தரையில் இடமிருந்தால் முருங்கை, சப்போட்டா, தென்னை நடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 முருங்கையை விதை போட்டே வளர்க்கலாம். ஆறு ஏழு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும்.

நிலத்துக்கேற்ற பயிரைத் தேர்ந்தால் வறண்ட மண்ணும் பொன் விளையும் என்பதற்கு இம்மாவட்டமே சான்று. நிலாவாரை என்ற மருந்துச் செடியின் தாயகம் அரேபியப் பகுதி. தென்பாண்டிச் சீமையின் வறண்ட நிலத்தில் அது செழித்தது. தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறிய அதன் இலையை உலக மருந்து நூல்கள் இன்றும் "திருநெல்வேலி சென்னா" என்றே குறிக்கின்றன.

தொட்டியைத் தயார் செய்யும் முறை

துவாரம் உள்ள மண் தொட்டி, பழைய வாளி, செடிப்பை எதுவானாலும் சரி. அடித் துவாரத்தின் மேல் ஓட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய குப்பை அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். மேல் விளிம்பில் நாலு விரற்கடை இடம் விடுங்கள். தண்ணீரை நிறைய ஊற்ற இந்த இடம் தேவை.

சில எச்சரிக்கைகள்:

நார்க் கழிவிலேயே உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழியுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகே கலக்குங்கள்.

மீன் கழிவு நல்ல உரம். ஆனால் கருவாட்டுக் கழிவை அப்படியே போடாதீர்கள். அதில் உரத்தைவிட உப்பு அதிகம். கரையில் ஒதுங்கும் கடற்பாசியும் அப்படித்தான். நன்றாகக் கழுவி மக்கவைத்த பிறகே பயன்படும்.

சிப்பி ஓட்டுத் தூளையும் சுண்ணாம்பையும் சேர்க்க வேண்டாம். கடற்கரை மணலில் சிப்பித் துகள்கள் ஏற்கெனவே இருக்கும். நம்பவில்லையா? உலர்ந்த மணலில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வெளிவருவது கரியமில வாயு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து கரையாமல் போகிறது. செடியின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதற்கு மருந்து அன்னபேதி. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் கரைத்து, பெரியவர்கள் துணையோடு மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

மண்ணின் மேல் காய்ந்த இலைச் சருகை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவது குறையும். நீர் ஆவியாவது குறைந்தால் உப்பு மேலேறுவதும் குறையும்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுதான் உங்கள் உப்பளத்தின் முதல் விளைச்சல்! மேல்மண்ணைச் சுரண்டி எறியுங்கள். தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி வடியவிடுங்கள். இலைகள் எல்லாம் கருகுவதற்கு முன் செய்தால் செடி பிழைக்கும்.

மழை: உப்பளத்துக்குப் பகை, தோட்டத்துக்கு நட்பு

ஐப்பசி மழை தொடங்கியதும் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். விளைந்த உப்பை மழை கரைத்துவிடும் அல்லவா? அதே மழைதான் நம் தொட்டிகளில் ஓராண்டாகச் சேர்ந்த உப்பையும் இலவசமாகக் கழுவித் தருகிறது. ஆகவே கடலோரத் தோட்டத்தின் புத்தாண்டு ஐப்பசி. அப்போது விதைத்தால் மென்மையான நாற்றுப் பருவம் இனிப்பு நீரில் கழியும். வெயில் ஏறும் பங்குனிக்குள் பெரும்பாலான காய்களைப் பறித்துவிடலாம்.

தூத்துக்குடிப் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவுதான். அது குறைவுதான், ஆனால் கூரையால் பெருக்கிப் பாருங்கள். 10 சதுர மீட்டர் கூரையில் 650 மில்லிமீட்டர் பெய்தால் 6,500 லிட்டர்! அதில் பாதியைப் பிடித்தாலும் பத்துத் தொட்டிகளுக்குக் கோடை முழுவதும் கலந்து ஊற்றலாம். தொட்டியை மூடி வையுங்கள்; இல்லாவிட்டால் கொசு வளர்ப்புப் பண்ணையாகிவிடும்.

மழை அளவு மீறினாலும் ஆபத்துதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு மழையைவிட அதிகம், ஒரே நாளில்! ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வயல்களும் வாழைத் தோட்டங்களும் மூழ்கின. நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். நாம் தொட்டியில் இட்ட அந்தச் சிறு துவாரம் இரண்டு வேலை செய்கிறது. கோடையில் உப்பை வெளியேற்றுகிறது. மழையில் செடியை மூழ்காமல் காக்கிறது.

நீங்களே ஆராய்ச்சி செய்யுங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஏற்ற சோதனை இது.

ஐந்து பாட்டில்களில் தலா ஒரு லிட்டர் மழைநீர் அல்லது நல்ல குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் உப்புப் போட வேண்டாம். மற்றவற்றில் முறையே 2, 5, 10, 35 கிராம் உப்புக் கரையுங்கள். ஆறாவது பாட்டிலில் உங்கள் வீட்டுக் கிணற்று நீர். ஆறு தட்டுகளில் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் இருபது பாசிப்பயறு வையுங்கள். அந்தந்த நீரால் சம அளவில் நனைத்து மூடிவையுங்கள். மூடாவிட்டால் நீர் ஆவியாகி உப்பின் அளவு மாறிவிடும். 24, 48, 72, 96 மணி நேரங்களில் எத்தனை முளைத்தன, முளையின் நீளம் என்ன என்று எழுதி, வரைபடம் வரையுங்கள். கிணற்று நீரின் முளைப்பு, எந்தப் பாட்டிலின் முளைப்போடு ஒத்துப்போகிறது? கருவி எதுவும் இல்லாமலே உங்கள் கிணற்றின் உப்பைத் தோராயமாக மதிப்பிட்டுவிட்டீர்கள்!

இன்னும் ஒன்று. 35 கிராம் நீரில் முளைக்காத பயறுகளை நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடி நல்ல நீரில் வையுங்கள். அவை முளைத்தால், உப்பு அவற்றுக்குத் தண்ணீரை மறித்தது, கொல்லவில்லை என்று பொருள். முளைக்காவிட்டால் உப்பு உள்ளே புகுந்து கேடு செய்திருக்கலாம். எது நடக்கும்? விடையை நான் சொல்லப்போவதில்லை.

மேலே படிக்க

இதில் சுவை கண்டவர்கள் தோட்டக்கலையையே படிப்பாகக் கொள்ளலாம். 1971-இல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டப் படிப்பாகத் தோட்டக்கலை உள்ளது. கோயம்புத்தூர், பெரியகுளம் ஆகிய இடங்களில் அதற்கான கல்லூரிகள் இருக்கின்றன. பெண்களுக்கென்றே திருச்சிராப்பள்ளி அருகில் ஒரு தோட்டக்கலைக் கல்லூரி நடக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்திலேயே வல்லநாட்டுக்கு அருகே கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. இன்று அது வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. மேல்நிலை வகுப்பில் அறிவியல் பாடம் எடுப்பவர்கள், சேர்க்கை விதிகளைப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். குறுகிய காலப் பட்டயப் படிப்புகளும் உண்டு.

கல்லூரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டந்தோறும் இவை உள்ளன. தூத்துக்குடிக்கு உரியது வாகைக்குளத்தில் இருக்கிறது. ஆசிரியர் துணையோடு போய் மண்ணையும் தண்ணீரையும் எப்படி ஆய்வு செய்கிறார்கள் என்று பார்த்து வரலாம். உப்பு மண்ணுக்கென்றே 1969-இல் அரியானாவின் கர்னால் நகரில் மத்திய ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கடற்கரை உவர் நிலங்களைப் பற்றிய கேள்விகள் இன்னும் நிறைய மிச்சமிருக்கின்றன. கடல் மட்டம் உயர்ந்துவரும் இந்நாளில் அவற்றுக்கு விடை காண்போர் நம் கடலோரப் பிள்ளைகளாக இருந்தால் பொருத்தமாக இருக்கும்.

முத்துக் குளிப்புக்குப் பெயர் பெற்ற கடற்கரை இது. கடைசியாக இங்கே பெரிய முத்துக் குளிப்பு நடந்தது 1961-இல். அதன்பின் சலாபங்கள் ஓய்ந்தன. முத்து இனி இல்லை என்று பலர் எண்ணினார்கள். ஆனால் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமி, முத்துச்சிப்பிக்குள் மணியைப் பொருத்திக் கடலில் வளர்த்து, 1973-இல் உருண்டையான முத்தை எடுத்துக் காட்டினார். சிப்பி எதை ஏற்கும், எதை ஏற்காது என்று பொறுமையாகக் கவனித்ததன் பலன் அது.

செடியும் அவ்வளவு கவனிப்பைத்தான் கேட்கிறது. இந்த ஐப்பசியில் ஒரே ஒரு தொட்டியில் நாலு கொத்தவரை விதையை ஊன்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு நீர் வடிகிறதா என்று பாருங்கள். சுமார் இரண்டு மாதத்தில் முதல் கொத்துக் காயைப் பறித்து ஆச்சி கையில் கொடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஆராய்ச்சி முடிவுதான்.